'ஓகே' குடுத்துவிட்டு எழும்பிப் போகிறவர்களா நாம்?



பெற்றோர்களே, பழைய மாணவர்களே, ஊர் உறவுகளே! இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளின் விடயம் என்பதால் கடைசிவரை வாசியுங்கள். அதன் பிறகு திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள்.

எமது பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்தில் இருபது கணினிகள் இருக்கின்றன. போன தவணை வரைக்கும் அவற்றில் ஒன்பதில் ஒரே கதைதான். பிரவுசரை மூடினால் ஒரு பெட்டி வந்து விழும். ஒரு சிவப்பு வட்டம், மூன்று நான்கு வரி இங்கிலிஷ், கீழே ஓகே பட்டன். எங்கள் பிள்ளைகள் அதை வாசிப்பதே இல்லை. பெட்டி முழுதாகத் தெரியும் முன்பே ஓகே குடுத்துவிட்டு, கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். தரம் 8 மாணவன் ஒருவனை மறித்துக் கேட்டோம்.

"மகன், அதுல என்ன எழுதியிருந்திச்சு?"

"தெரியா சேர். அது எப்பவும் வாறதுதானே."

அது எப்பவும் வாறதுதானே! இந்தப் பதிலை அவன் எங்கே படித்தான்? எங்களிடம்தான். ஆசிரியர் ஓய்வறைக் கணினியிலும் அதே பெட்டி வருகிறது. நாமும் அதே ஓகேயைத்தான் குடுத்துவிட்டு மணியடிக்கப் போகிறோம்.

பாடப்புத்தகத்தில் இதற்கு 'இணைய மேலோடி' என்று பெயர். மேலோடிக்கு இரண்டு உதாரணம் தருக என்று கேட்டு இரண்டு புள்ளியும் போடுகிறோம். அந்த மேலோடி பழுதுபட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்கியிருக்கிறோமா? இல்லை.

"மூடும்போதுதானே வருது. வேலை முடிஞ்ச பிறகு வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதல் பதில்.

ஊர்க்கடை முதலாளி இரவில் கடை அடைக்கிறார். பலகையைச் சாத்துவது கடைசி வேலை. அதற்கு முன் அன்றைய வியாபாரத்தை எழுத வேண்டும், காசை எண்ண வேண்டும், கடன் கொப்பியை எடுத்து வைக்க வேண்டும். பிரவுசரும் அப்படித்தான். பெருக்கல் அடையாளத்தை அமர்த்தியதும் அது சும்மா மறைந்துவிடுவதில்லை. எந்தெந்தப் பக்கங்கள் திறந்திருந்தன, எங்கெல்லாம் உள்நுழைந்திருக்கிறீர்கள், என்ன செட்டிங் மாற்றினீர்கள் என்ற கணக்கில் மிச்சம் இருப்பதை வன்தட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் வெளியேறும். அந்த நேரத்தில் வரும் எரர், கணக்கு எழுதும்போது பேனா உடைந்தது போன்றது. கடை அடைபட்டதுபோல் வெளியிலிருந்து பார்க்கத் தெரியும். உள்ளே கொப்பி அரைகுறையாகக் கிடக்கும்.

ஃபயர்பொக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூடச் சொல்லியும் ஏதோ ஒன்று தடுத்து ஒரு நிமிடமளவு ஆகியும் முடியாவிட்டால், அது தன்னைத்தானே முறித்துக்கொண்டு எரர் அறிக்கையைக் காட்டும். அதைச் செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. சில வேளை அது முறியாமல் பின்னால் ஒளிந்து ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது மறுபடி திறக்கப் போனால் "ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதில் தரவில்லை" என்று சொல்லும். குரோமில் "சரியாக மூடப்படவில்லை, பக்கங்களை மீட்கவா?" என்று கேட்கும். இவை எல்லாம் கணினி எங்களிடம் உதவி கேட்கும் பேச்சு. பொறுப்பில்லாதவர்கள் நாங்கள்தான். வாசிக்காமலே வாயை அடைக்கிறோம்.

இரண்டாவது, எங்கள் ஊரின் பெரிய நோய். எதற்கெடுத்தாலும் "போர்மட் அடிச்சிடுங்க."

எங்கள் கதையையே சொல்கிறோம், வெட்கமில்லாமல். இந்த எரர் வருகிறது என்று ஒரு கணினியைக் கடைக்கு அனுப்பினோம். போர்மட் அடிக்கட்டுமா என்று கேட்டார்கள். அடியுங்கள் என்று சொன்னதும் நாங்கள்தான். மூவாயிரம் ரூபாயோடு கணினி 'சுத்தமாகி' வந்தது. தரம் 11 பிள்ளைகளின் கணிப்பீட்டுப் புள்ளிகளும் அதோடு சுத்தமாகிப் போயிருந்தன. பதிவுப் புத்தகங்களைத் தேடியெடுத்து மூன்று இரவு இருந்து திரும்பவும் அடித்தோம்.

அது எங்கள் களைப்போடு போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டோம். எமது பழைய மாணவி ஒருவர் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அந்தக் கணினியில்தான் ஆரம்பித்திருந்தார். அவருடைய மின்னஞ்சலின் கடவுச்சொல் அந்தப் பிரவுசரில் மட்டுமே சேமிக்கப்பட்டிருந்தது. பொதுக் கணினியில் அப்படிச் சேமித்தது தவறு. அதைச் சேமிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்காதது எங்கள் தவறு. முடிவுத் திகதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. மீட்பு இலக்கமோ வாப்பாவின் பழைய சிம். வாப்பா கட்டாரில். கடைசியில் அந்த சிம் தையல் மெஷின் லாச்சிக்குள் கிடைத்தது. மாமா ஒருவர் அவ்வப்போது ரீலோட் போட்டு வைத்திருந்ததால் அது உயிரோடும் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், விண்ணப்பம் போனது. சிம் கிடைத்திராவிட்டால்? பதின்மூன்று வருடம் படித்த பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்? "எரர் வந்திச்சு, அதான் போர்மட் அடிச்சோம்" என்றா?

கடைத் தம்பிமாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நியாயமாக யோசியுங்கள். அந்தத் தம்பி இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து காரணத்தைத் தேடிப்பிடித்து, ஒரே ஒரு மென்பொருளை நீக்கித் தந்தால் நாம் காசு கொடுப்போமா? "இந்தச் சின்ன வேலைக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவோம். முழுவதையும் அழித்துவிட்டு வந்தால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். தேடிக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, அழிப்பதற்குக் கூலி உண்டு. இந்த விலைப்பட்டியலைப் போட்டது நாம். பிறகு அவர் ஏன் தேடப் போகிறார்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம் தரம் 10 பிள்ளைகள் ஆறு பேரோடு மிச்ச எட்டுக் கணினிகளுக்கும் முன்னால் இருந்தோம். ஒரே ஒரு சட்டம்: ஓகே குடுப்பதற்கு முன் பெட்டியை ஃபோனில் படம் எடுக்க வேண்டும். இங்கிலிஷ் விளங்காவிட்டால் கூகுள் லென்ஸில் தமிழாக்கிப் பார்க்க வேண்டும். கொப்பியில் கணினி இலக்கம், திகதி, வந்த வாசகம், கடைசியாகச் செய்த வேலை நான்கையும் எழுத வேண்டும்.

இரண்டு பின்னேரத்தில் முடிந்தது. எட்டில் நான்கில் ஒரே குற்றவாளி. இலவசமாக வீடியோ இறக்கித் தருவதாக யாரோ போட்ட எக்ஸ்டென்ஷனும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு குட்டி மென்பொருளும். நீக்கினோம், எரர் நின்றது. இரண்டில், காலாவதியான ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் பிரவுசருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. ஒன்றில், பிரவுசரின் ப்ரொஃபைல் கோப்புறை பழுதாகியிருந்தது. மின்வெட்டிலும், பாடம் முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அமர்த்திவிட்டுப் போகும் எங்கள் பழக்கத்திலும் அடிபட்ட கணினி அது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போன காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டரி செத்த யூபிஎஸ்களை அன்றும் மாற்றவில்லை, இன்றும் மாற்றவில்லை.

எட்டாவதுதான் எங்களை உலுக்கியது. அதில் பிரவுசரில் குற்றமே இல்லை. வன்தட்டு சாகக் கிடந்தது. எழுத முடியாமல் திணறியதால்தான் பிரவுசர் மூடமுடியாமல் முறிந்தது. அன்றே கோப்புகளை எல்லாம் பிரதி எடுத்தோம். இரண்டு கிழமையில் அந்த வன்தட்டு முழுவதுமாக நின்றுவிட்டது. மாதக்கணக்காக அந்தக் கணினி தன் வன்தட்டு சாகப் போகிறது என்று ஒவ்வொரு நாளும் எங்களிடம் சொல்லியிருக்கிறது. நாம் ஒவ்வொரு நாளும் ஓகே என்றிருக்கிறோம்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். நாங்கள் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறோம்.

முதலில் வாசியுங்கள், படம் எடுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட்டை அமர்த்தி 'ரிலயபிலிட்டி' என்று இங்கிலிஷில் தட்டினால் ஒரு நாட்காட்டி போன்ற பக்கம் வரும். எந்த நாளில் எந்த மென்பொருள் முறிந்தது, எந்தக் கோப்பால் முறிந்தது என்று அதில் இருக்கும்.

இரண்டாவது, ஃபயர்பொக்ஸ் என்றால் ஷிஃப்ட் பட்டனை அமர்த்திப் பிடித்தபடி திறவுங்கள். எக்ஸ்டென்ஷன்கள் இல்லாமல் திறக்கும். குரோம் என்றால் கெஸ்ட் விண்டோவில் திறவுங்கள். அப்படித் திறந்து மூடும்போது எரர் வராவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் அல்லது ப்ரொஃபைல். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சுகமாக்கியது என்று தெரியவராது.

மூன்றாவது, அப்படியும் வந்தால் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பாருங்கள். வன்தட்டில் இடம் இருக்கிறதா, அது நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, ஃபயர்பொக்ஸில் 'ரிஃப்ரெஷ்', குரோமில் 'ரீசெட்' இருக்கின்றன. இரண்டும் புக்மார்க்குகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் விட்டுவைத்து மற்றதைச் சீராக்கும். ஒரு பட்டனால் முடிகிற வேலைக்கு முழுக் கணினியையும் அழிப்பது, பல் வலிக்குத் தலையை வெட்டுவது போன்றது.

போர்மட் கடைசி. அதுவும் பிரதி எடுத்த பிறகு.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பெப்ரவரியில் வந்த 110 அதில் ஏறாது. ஃபயர்பொக்ஸிலும் 115ஆம் இலக்க நீண்டகாலப் பதிப்புத்தான் கடைசி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. ஆய்வுகூடத்தில் எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியல் கூட எங்களிடம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. எழுதியது தரம் 10 பிள்ளைகள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். புதிய கணினி வாங்கித் தந்து, ரிபன் வெட்டி, பெயர்ப்பலகை அடித்து, படம் போடுகிறோம். நன்றி மறக்கவில்லை. யூபிஎஸ் பெட்டரிக்கு யாரும் பெயர்ப்பலகை அடிப்பதில்லை, அதனால் யாரும் வாங்கித் தருவதும் இல்லை. இம்முறை இரண்டு கணினிக்கான காசில் இருபது பெட்டரி, நான்கு வன்தட்டு, பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி வன்தட்டு தாருங்கள். வெளியூரில் இந்தத் துறையில் வேலை செய்யும் எமது பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இரண்டு மணித்தியாலம் ஆய்வுகூடத்துக்கு வந்து, பழுதை எப்படித் தேடுவது என்று காட்டிக் கொடுங்கள். கடைத் தம்பிமாருக்கும் சொல்லிவிடுகிறோம்: இனி பாடசாலைக் கணினியில் காரணத்தைக் கண்டுபிடித்துத் தந்தால் போர்மட்டுக்குக் கொடுக்கும் அதே காசு. கண்டுபிடிக்காமல் அழித்தால் ஒரு சதமும் இல்லை.

"ஒரு சின்ன எரருக்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா?" என்று கொமென்ட் வரும் என்று தெரியும். கணினி போகட்டும். வந்த எச்சரிக்கையை வாசிக்காமல் மூடுவதையும், மூட முடியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதையும் ஒரு பிள்ளை பதினைந்து வயதில் பழகினால், நாளை வைத்திய அறிக்கையையும் கடன் பத்திரத்தையும் அப்படித்தான் பார்ப்பான். வாசிக்காமல் ஒப்பம் வைப்பான்.

போன கிழமை அதே தரம் 8 மாணவன் ஓடி வந்தான். "சேர், பதினாலாம் நம்பர் கம்பியூட்டர்ல ஒண்டு வந்திருக்கு. நான் ஓகே குடுக்கல்ல. வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்தோம். கொப்பியை எடுத்து அவனே எழுதத் தொடங்கியிருந்தான்.

இன்று இரவு உங்கள் வீட்டுக் கணினியை மூடும்போது பெட்டி ஏதும் வந்தால் ஓகே குடுக்காதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக வாசியுங்கள். விளங்காவிட்டால் படத்தை இந்தப் பதிவின் கீழே போடுங்கள். எங்கள் தரம் 10 பிள்ளைகள் பதில் எழுதுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

ஊர் வட்ஸ்அப் குழுமங்களிலும் பகிர்ந்துவிடுங்கள்.