மலையில் வரும் தலைவலியை மறைக்காதீங்க!

"கந்தகம் தொடுற கைக்குக் குளிரெல்லாம் ஒரு பொருட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்க அத்தான் ரயில் ஏறினார். சிவகாசிக்காரர். முப்பது வருஷமா பட்டாசு ஆலையில் ஃபோர்மேன்.

கத்திரி வெயிலுக்குப் பயந்து மே மாசத்தில் வடக்கே யாத்திரை கிளம்புவது எங்க பக்கம் சகஜம்தான். இந்தத் தடவை துங்கநாத். உத்தரகாண்டில் சுமார் 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிவன் கோயில். சோப்தாவிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள்தான் ஏற்றம். வழியெல்லாம் புல்வெளி, 'புக்யால்' என்பார்கள். கோயில் திறந்த புதுசில் அந்தப் புல்வெளி பல இடங்களில் பனிக்கு அடியில் கிடக்கும்.

ஹரித்துவாரில் காலையில் வேன் ஏறியவர்களுக்கு ராத்திரி படுக்கை நேரே சோப்தாவில், அதாவது சுமார் 2,700 மீட்டரில்! நம்ம சிவகாசி நூறு மீட்டர்தான். அன்று ராத்திரியே அத்தானுக்குத் தலைவலி. தூக்கமில்லை, சப்பாத்தியும் இறங்கவில்லை. அக்காகிட்டகூடச் சொல்லாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் ஏறிவிட்டார். பாதி வழியில் பனித்தூறல். பருத்தி வேட்டி நனைந்து உடம்போடு ஒட்ட, வாந்தி, தள்ளாட்டம், பேச்சில் குழறல். கூட வந்த பையன்கள் பிடிவாதமா கீழே இறக்கினார்கள். உலர்ந்த துணி மாற்றி, போர்வை சுற்றி, சூடா டீ கொடுத்து, சாயங்காலம்தான் சரியாகப் பேசினார்.

அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் நம்ம ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாலிபனையும் விடாது. நனைந்த பருத்தியோ உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியும் மழைக்கோட்டும் வேணும்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். மருந்து கலக்குற இடத்தில் (இது பட்டாசு மருந்து!) ஒருத்தன் லேசா அசந்தால்கூட வெளியே அனுப்புகிற மனுஷர் இவர். அவசரம் ஆளைத் தின்னும் என்று தெரிந்தவர். அவரே "இவ்வளவு செலவழிச்சு வந்து பாதியில திரும்புறதா?" என்று வாயை மூடிக்கொண்டார் பாருங்கள்! நாலு நாளில் நாலு கோயில் என்று திட்டம் போடும் டூர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊக்கிமட் சுமார் 1,300 மீட்டர். அங்கே ஒரு ராத்திரி, சோப்தாவில் ஒரு பகல் ஓய்வு என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, உடனே கீழே இறக்கணும். பி.பி., சுகர், ஆஸ்துமா உள்ளவர்கள், ஆலைத் தூசியில் வருஷக்கணக்கா இருந்தவர்கள், டிக்கெட் எடுக்கும் முன்னே டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த வருஷமும் அத்தான் போகிறாராம். பணம் கட்டும் முன்னே டூர்க்காரரிடம் கேட்டது: "முதல் ராத்திரி எந்த ஊர்ல தங்கல்?"