அசல் சாஃப்ட்வேரைத் தருவதில் என்ன தயக்கம்?

எட்டாயிரம் ரூபாய் செல்பேசி லோகோவிலேயே நின்றுவிட்டால், ‘சாஃப்ட்வேர் போடணும்’ என்பார் கடைக்காரர். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி சிற்றூர்க் கடைத்தெரு வரை அன்றாடம் கேட்கிற பேச்சு. அந்த சாஃப்ட்வேர் எங்கிருந்து வருகிறது? மலிவு விலை செட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல அதை வெளியிடுவதே இல்லை. முகம் தெரியாத யாரோ இன்னொரு செட்டிலிருந்து உருவி, எங்கோ ஏற்றிவைத்த கோப்புதான் கடைக்காரருக்குக் கதி.

டேப்லெட்டுகளின் நிலை இன்னும் மோசம். மாடல் பெயர் ஒன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் போர்டும் டிஸ்ப்ளேயும் சரக்குக்குச் சரக்கு மாறும். பெட்டியில் உள்ள பெயரை நம்பி ஏற்றினால் திரை வெளுக்கும், அல்லது தொடுவது ஓரிடம், வேலை செய்வது வேறிடம். மீடியாடெக் சிப் உள்ள செட்டில் முதலில் ஓடும் ப்ரீலோடரே கெட்டாலும், சிப்புக்குள் அழியாமல் பதிந்திருக்கும் நிரல் வழியாக மீட்கப் பெரும்பாலும் வழியுண்டு. மீட்க முடியாத இழப்பு வேறு. சாஃப்ட்வேர் ஏற்றப் பயன்படும் எஸ்பி ஃப்ளாஷ் டூலில் ‘டவுன்லோட் ஒன்லி’ என்பதை விட்டு ‘ஃபார்மட் ஆல்’ கொடுத்தால் என்விரேம் பகுதி துடைக்கப்படும். 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் சிக்னலுக்கான அளவீடுகளும் அதோடு போய்விடும். முன்கூட்டியே நகலெடுக்காதவர், எண்ணை எழுதித் தரும் ஆளைத் தேடி அலைகிறார். அந்த எண்ணைத் திரித்தால் மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம்.

அசலல்லாத சாஃப்ட்வேரை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டைத் திறந்துவிட்டால் திருடனுக்குத்தான் வசதி என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு. நாம் கேட்பது அதுவல்ல. நிறுவனத்தின் மின்கையொப்பமிட்ட அசல் கோப்பைப் பூட்டிய செட்டிலேயே ஏற்றலாம். கூகுள் தன் பிக்சல் செல்பேசிகளுக்கான கோப்புகளை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. மோட்டோரோலா தன் செல்பேசிகளை மீட்க ஒரு கருவியையே இலவசமாகத் தருகிறது. மற்றவர்களுக்கு என்ன தடை?

அசல் என்றாலே சுத்தம் என்றும் நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் விற்ற ப்ளூ நிறுவனச் செல்பேசிகளில் இருந்த ஆடப்ஸ் நிறுவன மென்பொருள், பயனர்களின் குறுஞ்செய்திகளைச் சீனாவில் உள்ள சர்வருக்கு அனுப்பியது 2016இல் அம்பலமானது. கோப்பு வெளியே கிடைத்தால் இத்தகைய வேலைகளை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதாகும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. சேவை மைய முகவரிகளோடு அது நின்றுவிடக் கூடாது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு செல்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் போர்டு எண் வாரியாக அசல் கோப்பு, அதைச் சரிபார்க்கும் செக்சம், ஏற்றும் கருவி மூன்றையும் நிறுவனங்கள் இலவசமாக வெளியிட வேண்டும். விற்பனை நின்று ஐந்தாண்டு வரை அவை கிடைக்க வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்புகளுக்கு இதே ஐந்தாண்டுக் கெடுவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் விதித்திருக்கிறது. இங்கே அசல் கோப்பு வெளியீட்டை விற்பனைக்கான நிபந்தனையாகவே கட்டாயமாக்கலாம்.