எந்த ஊர் நல்ல ஊர்?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆணை நேசிக்கும் ஆண்கள், பக்கத்து நாடாகிய கனடாவில் போய்ப் பார்க்கவும் குடியேறவும் எந்தப் பட்டணம் உகந்ததென்று ஒப்பிட்டுப் பேசி வருகின்றார்கள். டொராண்டோவின் சர்ச் வீதியா, மாண்ட்ரியாலின் செயிண்ட் கேத்தரின் வீதியா, குளிர் குறைந்த வான்கூவரின் டேவி வீதியா என்பது கேள்வி.

இது வெறும் உல்லாசப் பேச்சென்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 2003-ம் வருஷம் ஜூன் 10-ந் தேதி முதல் டொராண்டோவில் இரண்டு ஆண்கள் சட்டப்படி மணந்து கொள்ளலாமென்று ஆயிற்று. டெக்சாஸிலோ, அதே மாதம் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளும் வரை, அவர்களுடைய சேர்க்கையே குற்றமாயிருந்தது. அமெரிக்கா முழுதும் மணவுரிமை கிடைக்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆனால் கனடாவிலும் இவ்வுரிமை எவரும் போட்ட பிச்சையல்ல. 1981 பிப்ரவரியில் டொராண்டோ போலீசார் இவர்கள் கூடும் குளியல் விடுதிகளில் ஒரே இரவில் புகுந்து சுமார் 300 பேரைக் கைது செய்தனர். மறுநாள் இரவே ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்து கண்டித்தனர். அவர்களெல்லாம் அன்று வேறு ஊர் தேடிப் போயிருந்தால், டொராண்டோ இன்று நல்ல ஊராகியிருக்குமா?

போகின்றவர்களை நாம் குறை கூறவில்லை. மானத்தோடு வாழ இடந்தேடுவது மனித சுபாவம். பிறந்த ஊரில் அப்படி வாழவொட்டாமல் துரத்தியவர்கள் வெட்கப்பட வேண்டாமா என்றுதான் கேட்கின்றோம்.