வீடு முதலில், பல்லி பிறகு

எங்கட கூட்டத்தில் ஒருத்தன் ஒரு லெப்பர்ட் கெக்கோ வாங்கினான். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், சிரிக்கிற மாதிரி ஒரு வாய். எங்கட வீட்டுச் சுவரில் ஓடுற பல்லியைப் போல இல்லாமல் இமையை மூடித் திறக்கும். பார்த்த எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதுக்குள்ள மணல், ஒரு பிளாஸ்டிக் மரம், மேலே இரவு பகலாக எரியிற ஒரு சிவப்பு பல்ப். அவ்வளவுதான் வீடு. அந்தப் படத்துக்கு நாங்களும் லைக் போட்டனாங்கள். மூன்று மாதத்தில் அதின்ர முன்காலில் இரண்டு விரல்கள் இல்லை.

பூனை கடிக்கேல்லை, நோயும் வரேல்லை. கொழும்பில் ஏசி போட்ட அறை, காற்று காய்ஞ்சு கிடந்தது. தோல் உரிக்கிற நேரம் விரல் நுனியில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு, நூல் சுற்றின மாதிரி இறுகி, இரத்தம் ஓடாமல் விரல் செத்து விழுந்திட்டுது. வாசல் வெட்டின ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஈரமான பாசியையோ ரிசுவையோ போட்டு வைச்சிருந்தால், அது தானே உள்ளுக்குப் போய்த் தோலை ஊற வைச்சிருக்கும்.

அதனாலதான் இதை எழுதுறம். எங்கட நிலைப்பாடு சின்னது: வீடு தயாராகி, ஒரு கிழமையாவது வெப்பநிலையை அளந்து பார்த்த பிறகுதான் பல்லி வரவேண்டும். நாங்கள் எல்லாரும் அதைத் தலைகீழாகச் செய்யிறம்.

இந்தப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட கல்லு நிலங்களைச் சேர்ந்தது. பகலில் கல்லிடுக்கில் ஒளிஞ்சு கிடக்கும். பொழுதுபட வெளியே வரும். சுவரில் ஏற விரலில் ஒட்டுத்தகடு இல்லை, நிலத்தில்தான் நடக்கும். வீட்டுக்கு என்ன தேவை என்பதை இந்த வாழ்க்கையே சொல்லிப்போடும். உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். வளர்ந்த ஒரு பல்லிக்கு 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம் இருந்தால் நல்லது. ஒளிய மூன்று இடம் வேணும்: சூடான பக்கம் ஒன்று, குளிரான பக்கம் ஒன்று, நாங்கள் சொன்ன ஈர டப்பா ஒன்று. ஒரு பெட்டிக்கு ஒரு பல்லிதான். "தனிய இருந்தால் பாவம்" எண்டு இரண்டை விடாதேங்கோ, ஆண்கள் இரண்டென்றால் கடிபட்டுச் சாகும்.

அடுத்தது சூடு. யூரியூப்பில் நாங்கள் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆக்கள் எடுத்தவை. அவையள் எப்படிச் சூடாக்கிறது எண்டுதான் கதைப்பினம். இந்தப் பல்லிக்குச் சூடான பக்கத்தில் தரை 32 பாகைக்கு மேல் இருக்க வேணும், அப்பதான் சாப்பிட்டது செமிக்கும். ஆனால் மற்றப் பக்கம் 25 பாகை அளவில் இருக்க வேணும். சித்திரை மாத யாழ்ப்பாணத்தில் மூடின அறையே 32ஐத் தாண்டும். அங்கே ஹீற்றரைப் போட்டால் பல்லிக்கு ஓட இடமில்லை. எங்களுக்குத் தேவை காற்றோட்டமான மூடியும் வெயில் படாத மூலையும். நுவரெலியாவிலோ ஏசி அறையிலோ என்றால் ஹீற் மாற் வேணும். அதுக்குத் தேர்மோஸ்ரற் கட்டாயம். அது இல்லாட்டி மாற் சூடேறிச் சூடேறி வயிற்றுத் தோலைச் சுட்டுப்போடும். சூடாகிற செயற்கைக் கல்லும் அப்படித்தான். இரவில் எந்த நிற பல்ப்பும் வேண்டாம், இருட்டை விடுங்கோ.

மணலைப் பற்றிச் சண்டை பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். பாலைவனப் பல்லிக்கு மணல்தானே எண்டு கேட்பினம். அது வாழுறது இறுகின மண்ணிலும் கல்லிலும். தளர்ந்த மணலை இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைபடலாம். ரைல்ஸ் துண்டு போடுங்கோ. கழுவ லேசு, நகமும் தேயும். இரைக்குப் போடுற பூச்சியில் கல்சியம் தூள் பிரட்டாமல் விட்டால் எலும்பு வளைஞ்சு போகும். சாப்பிடாமல் விட்ட பூச்சியை இரவோடு இரவாக எடுத்துப்போடுங்கோ, அது பல்லியைத் திருப்பிக் கடிக்கும்.

"ஒரு பல்லிக்கு இவ்வளவு செலவா?" எண்டு வீட்டில் கேட்பினம். நியாயமான கேள்விதான். எங்கட பதில்: அந்தச் செலவு செய்ய ஏலாதென்றால் வாங்காதேங்கோ. ஆசைப்படுறதில் பிழையில்லை, ஆனால் எங்கட ஆசைக்குக் கூலியை அந்தப் பல்லி விரலாகக் கட்டக்கூடாது. இன்னொன்று, வெளிநாட்டு ஊர்வனவற்றை இங்கே கொண்டுவர அனுமதி வேணும். விற்கிறவரிட்ட பத்திரத்தைக் கேளுங்கோ. காட்ட மறுத்தால் திரும்பி வாங்கோ. அதுக்குப் பதிலாக எங்கட காட்டுப் பல்லியைப் பிடிச்சுப் பெட்டியில் போடுறதும் வழியில்லை. அதுகளில் கனக்க இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லாதவை.

கடைசியாக ஒரு கணக்கு. நல்லாப் பார்த்தால் இந்தப் பல்லி 15, 20 வருசம் இருக்கும். ஓ/எல் எழுதின கையோடு வாங்கினால், அது சாகேக்க உங்களுக்கு முப்பத்தைஞ்சு வயது. அதுக்குள்ள கம்பஸ், வேலை, கலியாணம், எங்களில் பாதிப் பேருக்கு விசா. நீங்கள் பிளேன் ஏறின பிறகு பூச்சி பிடிச்சுக் குடுக்கிறது ஆர்? பல்லி விழுந்தாலே பலன் பார்க்கிற அம்மாவா?

எங்கட நண்பன் இப்ப பெரிய பெட்டி செய்து, ஈர டப்பாவும் வைச்சிட்டான். பல்லி மிச்ச விரல்களோடு நல்லா இருக்கு. போன மாதம் அவனுக்குக் கனடா விசா வந்தது. பெட்டியை ஆர் பொறுப்பெடுக்கிறது எண்டு குறூப்பில் கேட்டான். லைக் போட்ட ஒருத்தரும் இன்னும் பதில் போடேல்லை. நாங்களும்தான்.