வேலை குழுவுக்கு, செலவு யாருக்கு?

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் காலை உணவு பரிமாறப்படுவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதைச் சமைப்பவர்கள் யார் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளோடு தொடங்கிய திட்டம் மறு ஆண்டே 31,008 பள்ளிகளுக்கு விரிந்தபோது, அடுப்படியில் நின்றவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஊர்ப்புறத்தில், பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்மாருக்கு முன்னுரிமை என்று விதியே வைத்தார்கள். சமைப்பவர் பெற்ற பிள்ளையும் அதே வரிசையில் தட்டோடு உட்காரும்போது அதைவிட நல்ல தரக் கட்டுப்பாடு எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது. முதல்கட்டப் பள்ளிகளில் 1,543-ஐ எடுத்துப் பார்த்த மாநிலத் திட்டக் குழு, 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்ததாகச் சொன்னது. அதற்கு உப்புமாவும் கிச்சடியும் காரணம்தான். ஆனால் பள்ளி திறக்கும் முன் அவற்றைச் சூடாகக் கொண்டுவந்து வைக்க ஊருக்குள் ஆயத்தமாக ஒரு குழு இருந்ததும் காரணம். அந்தக் குழு திட்டத்துக்காக முளைத்ததல்ல. 1989-ல் தருமபுரியில் தொடங்கி, பிறகு மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவி, வாராவாரம் கூடிச் சந்தாப் பிடித்துக் கணக்கெழுதிப் பழகியது.

காலை உணவு ஓர் உதாரணம்தான். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருத்திண்ணையில் பாடம் சொல்லிக்கொடுக்க இளம்பெண்கள் லட்சக்கணக்கில் முன்வந்தார்கள். ஊராட்சிதோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது விதி. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான ‘மிஷன் வாத்சல்யா’வில், தந்தையை இழந்த குழந்தைக்கோ பெற்றோர் தீரா நோயில் விழுந்த குழந்தைக்கோ மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குழந்தையை விடுதிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்க உதவும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் கணவனை இழந்த கூலிக்காரப் பெண் ஒருவர் அதைப் பெறும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். இறப்புச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், விஏஓ பார்த்து அனுப்ப வேண்டும். பள்ளியில் படிப்புச் சான்று, குழந்தை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதாரில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த ஒரு நாள். பிறகு மாவட்டத் தலைநகரில் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். கூடவே அலைவதற்கு விவரம் தெரிந்த ஒருத்தி ஊரில் இருந்தால் பணம் வந்து சேரும், இல்லாவிட்டால் விண்ணப்பம் எழுதப்படவே படாது. அந்த ஒருத்தி பெரும்பாலும் ஏதாவதொரு குழுவைச் சேர்ந்தவர். அவருடைய பஸ் டிக்கெட்டுக்கு எந்த அரசுத் தலைப்பிலும் காசு கிடையாது.

என் வாதம் இதுதான்: அரசு இந்தக் குழுக்களிடம் வேலையை வாங்குகிறது, குழு உயிரோடிருக்க ஆகும் செலவை மட்டும் ஏற்க மறுக்கிறது. தட்டுக்கு இவ்வளவு, வகுப்புக்கு இவ்வளவு, பயிற்சிக்கு வந்தால் தேநீரும் பிஸ்கட்டும் என்று காரியத்துக்கு மட்டும் விலை போடுகிறது. அந்தக் காரியம் முடிந்து அடுத்த காரியம் வரும்வரை கூட்டம் நடத்தவும் பதிவேடு எழுதவும் வீடு வீடாகப் போய் விசாரிக்கவும் ஆகும் நேரத்துக்கு விலையே இல்லை. நேரத்தைக் கொடுப்பவர்கள் பெண்கள் என்பதால் இது யாருக்கும் உறுத்துவதுமில்லை. எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953-ல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் முதன்மையான வேலையே தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் தருவதுதான். அந்த வாரியத்தை அண்மையில் கலைத்துவிட்டார்கள். அதன் வழியாகவும் நடந்துவந்த ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டத்தின் கதை இன்னும் தெளிவானது. 2017-ல் அதைத் திருத்தி, செலவில் 60 விழுக்காடு மத்திய அரசு, 30 மாநில அரசு, மீதி 10 நடத்தும் அமைப்பு என்று பங்கு பிரித்தார்கள். காப்பகப் பணியாளருக்கு மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. மாநிலப் பங்கு வந்தால்தான் மையம் ஓடும் என்றாயிற்று. ஒரு காலத்தில் நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020 வாக்கில் ஆறாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கின. குழந்தைகளோ, அவர்களை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டிய தாய்மாரோ குறைந்ததால் அல்ல.

அரசு கைவிட்டால் என்ன, வெளியிலிருந்து பணம் வருமே என்றால், அந்த வாசல்களும் ஒடுங்கிவிட்டன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை அடியோடு தடுத்தது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50-லிருந்து 20 விழுக்காடாக இறக்கியது. நகரத்துப் பெரிய நிறுவனம் வாங்கி ஊர்க் குழுவுக்குப் பகிர்ந்த வழி அதோடு அடைபட்டது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கோ பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், வருமான வரிப் பதிவுகள் வேண்டும், மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழுவுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பொதுப்பணம் தந்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, நீண்ட காலம் அளந்து பார்த்த ஒரு சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. 1999 முதல் அங்கே ஏழைப் பகுதிகளில் ‘ஷுயர் ஸ்டார்ட்’ என்ற பெயரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பெற்றோருக்குமான மையங்களை அரசு தொடங்கியது. தொடக்ககால மையங்களில் பணமும் தாராளம், அதை எதற்குச் செலவிடுவது என்பதில் அந்தப் பகுதிப் பெற்றோருக்கும் அமைப்புகளுக்கும் சொல்லும் உண்டு. பிறகு நாடெங்கும் விரிவுபடுத்தியபோது உள்ளாட்சி நிர்வாகத்தின் கீழ் கொண்டுபோய், மையத்துக்கான தொகையையும் குறைத்தார்கள். 2010-ல் வந்த ஆட்சி நிதியை வெட்டியதில் ஏராளமான மையங்கள் மூடப்பட்டன. அங்குள்ள நிதி ஆய்வு நிறுவனம் அந்தக் குழந்தைகள் வளர்ந்து பதினாறு வயதில் எழுதிய பொதுத்தேர்வு வரை பின்தொடர்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டது. மையத்துக்கு அருகில் வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் பாடங்கள் எல்லாம் சேர்த்து மூன்று கிரேடு வரை கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். அந்தப் பலன் முழுவதும் தொடக்ககால மையங்களிலிருந்து வந்தது, பின்னால் திறந்தவற்றில் அது தென்படவில்லை. பணம் காரணமா, ஊர்க்காரர் கை இருந்தது காரணமா என்று அந்த ஆய்வை வைத்துத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. எனக்கு அது குறையாகவும் படவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த இடத்தில் பலன் வந்தது, இரண்டையும் சேர்த்துக் குறைத்த இடத்தில் வரவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் நான் மிகவும் மதிப்பது இடதுசாரி நண்பர்களும் அங்கன்வாடி ஊழியர் சங்கங்களும் எழுப்புவது. குழந்தை நலம் அரசின் கடமை, அதைக் குழுக்களிடம் தள்ளிவிடுவது குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் தந்திரம் என்கிறார்கள். 1,000 ரூபாய் ஊக்கத்தொகையைப் பார்த்தபின் அதை மறுக்க முடியாது. தமிழ்நாட்டின் 54,439 அங்கன்வாடிகளில் ஒன்றின் வேலையைக்கூடக் குழுக்களுக்கு மாற்றக் கூடாது என்பதே என் நிலையும். ஆனால் அரசு ஊழியர் செய்ய முடியாத ஒன்று உண்டு. குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை எடுத்துக்கொள்வோம். 1996-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகப் பிறந்து, நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகளின் வலையாக நாடெங்கும் பரவியது அது. 2023-ல் அதை மாநில அரசுகளின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மாற்றி 112 எண்ணோடு இணைத்தார்கள். நிலையான பொறுப்பை அரசு ஏற்பது சரிதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குச் சித்திரையில் கல்யாணம் என்று தையிலேயே ஊருக்குள் பேச்சு அடிபடுமே, அது எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கும் கேட்காது. அழைப்பு வந்தபின் போவது அரசின் வேலை. அழைப்பு வரும் நிலைக்கு முன்பே அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுவது பக்கத்துத் தெருப் பெண்ணால்தான் ஆகும். முன்னதற்குச் சம்பளம் தருகிறோம் என்பதால் பின்னது இலவசமாக நடந்துவிடும் என்று நினைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பணம் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. தின்றவர்கள் உண்டு, லெட்டர்பேடில் மட்டும் நடந்த தொண்டு நிறுவனங்களை நாடு பார்த்திருக்கிறது. ஆனால் தடுக்கும் வழியையும் தமிழ்நாடே செய்து பார்த்திருக்கிறது. உலக வங்கிக் கடனில் 2005 முதல் நடந்த புதுவாழ்வுத் திட்டத்தில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்குக்கே பணம் நேராகப் போனது. செலவிடுவது ஒரு குழு, அதைச் சரிபார்க்கச் சமூகத் தணிக்கைக் குழு என்று தனியே இன்னொன்று. கணக்கைக் கிராம சபையில் வைத்தாக வேண்டும், அதன்பிறகுதான் அடுத்த தவணை. யார் வீட்டுக்கு என்ன போனது என்று ஊருக்கே தெரிந்த இடத்தில் பொய்க் கணக்கு எழுதுவது, சென்னைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவதைவிடக் கடினம்.

பணம் வந்தால் சேவை மனப்பான்மை போய்விடும் என்பவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சம்பளம் வாங்கும் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சாதி பற்றிய அச்சம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. ஊர்த்தெருப் பெண்கள் நடத்தும் குழு காலனியின் வாசலை மிதிக்காது என்ற அச்சம் பல ஊர்களில் நியாயமானது. பள்ளிச் சமையற்கூடத்தில் தலித் பெண் சமைத்ததற்கே எதிர்ப்பு எழுந்த மாநிலம் இது. ஆகவே நிதி பெறும் குழுவின் பொறுப்பாளர்களிலும் ஊதியம் பெறும் பணியாளர்களிலும் ஒருவராவது பட்டியல் சாதிக் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதை ஆணையிலேயே எழுத வேண்டும். நல்லெண்ணத்துக்கு விட்டால் நடக்காது.

இந்தக் குழுக்கள் உயிரோடிருக்க அரசு நிதி தந்தால் எவ்வளவு ஆகும்? தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 376 கோடி. மாநிலத்தின் ஆண்டு வருவாய்ச் செலவு மூன்றரை லட்சம் கோடியைத் தாண்டும் நிலையில், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த 3 லட்சத்தில் இரண்டு பகுதிநேரப் பணியாளருக்கு மாதம் 10,000 வீதம் 2.4 லட்சம் போக, மீதி 60,000 பஸ் செலவுக்கும் பதிவேட்டுக்கும் கணக்குத் தணிக்கைக்கும். முக்கியமானது, தொகை மூன்றாண்டுக்கு உறுதி செய்யப்பட வேண்டும், இன்ன திட்டத்துக்கு மட்டும் என்று கட்டி வைக்கக் கூடாது. மத்திய நிதியிலிருந்து இதைச் செய்யலாமே என்றால் முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டப்பட்டது, கட்டப்படாத பகுதியிலோ சம்பளமும் அலுவலகச் செலவும் தரக் கூடாது என்று நிபந்தனை. பெண்கள், குழந்தைகள் நலம் அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சியின் பொறுப்பாக எழுதப்பட்டிருக்கிறது, அதைச் செய்யும் ஆளுக்குக் கூலி தர மட்டும் அனுமதி இல்லை. எனவே மாநில அரசு தன் சொந்த வரவிலிருந்தே தர வேண்டும். ஊராட்சி மன்றக் கணக்கின் வழியாக வேண்டாம். 2016-லிருந்து 2019 வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்காமலே கிடந்தது, 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போயின. மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் அந்த ஆண்டுகளிலும் கூடிக்கொண்டுதான் இருந்தன, வங்கிக் கணக்கும் வைத்திருக்கின்றன. ஆண்டுத் தணிக்கை ஒழுங்காக முடித்த கூட்டமைப்புகளுக்கு முதல் ஆண்டிலும், மற்றவற்றுக்குக் கணக்கெழுதப் பயிற்சி தந்து இரண்டாம் ஆண்டிலும் என்று தொடங்கலாம். முதல் தவணை ஏப்ரலிலேயே போக வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் வந்து 31-ஆம் தேதிக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டச் சொல்லும் பணத்தில் எந்தப் பணியாளருக்கும் மாதச் சம்பளம் கொடுக்க முடியாது.