"லோக்கல்தானே, மெதுவா போலாம்"

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, அப்புறம் புக்கிட் ஜாலில் பக்கம் இசை நிகழ்ச்சி. நாங்கள் நான்கு பேர். டிக்கெட் ஆளுக்கு 288 வெள்ளி. அந்த விலைக்குச் சென்னையிலிருந்து வரும் பாடகரின் முகத்தைத் திரையில்தான் பார்க்க முடியும். தெரிந்துதான் வாங்கினோம்.

ஏழரைக்கு நிகழ்ச்சி. ஏழு மணிக்கு நாங்கள் இரண்டாவது தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்தோம். "டேய், கிளம்பலாமா?" என்றேன். "முதல்ல லோக்கல் பசங்கதானே பாடுவாங்க, மெதுவா போலாம்லா" என்றான் ஒருத்தன். யாரும் மறுக்கவில்லை, நானும்தான். அந்த லோக்கல் பசங்களில் ஒருத்தன் எங்களோடு படித்தவன், குழுவில் கீபோர்ட் வாசிக்கிறான். கடைசி ரெண்டு பாட்டையாவது பிடித்துவிடலாம் என்று நினைத்தோம். வழியில் ஜேம். உள்ளே போனபோது அவர்கள் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் வெளியே பார்த்தான். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். "செமடா" என்றேன். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

இந்தப் பொய்யைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இது என் ஒருத்தனுடைய பொய் இல்லை. அதே மேடையில் வந்த நட்சத்திரம், மலேசியாவில்தான் தமிழ் உண்மையாக வாழ்கிறது என்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அரைமணி நேரத்துக்கு முன் இந்த ஊர்த் தமிழ் அங்கேதான் பாடிக்கொண்டிருந்தது. அப்போது பாதிப் பேர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தோம்.

"தரம் இருந்தா நாங்க கேட்கமாட்டோமா?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நண்பன் சொன்னதையும் கேளுங்கள். அவர்களுக்கு ஒலிச்சோதனைக்கே நேரம் தரவில்லை. பதினைந்து நிமிடம், மூன்று பாட்டு. சுவரொட்டியில் பெயர் இல்லை. சம்பளம்? ஏற்பாட்டாளர் சொன்ன வார்த்தை 'வாய்ப்பு'. கூடவே ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக். ஒருத்தன் மைக்கைப் பாதி அணைத்துவிட்டு, அவனுக்குக் குரலே இல்லை என்று சொல்வது என்ன தரப் பரிசோதனை?

தரம் இருந்தும் என்ன செய்தோம் என்பதையும் பார்க்கலாம். யோகி பி, நட்சத்திராவின் 'வல்லவன்' 2006இல் வந்தது. எங்கள் பள்ளிப் பேருந்தில் 'மடை திறந்து' ஓடாத நாளே கிடையாது. ஆனால் 'பொல்லாதவன்', 'ஆடுகளம்' படங்களில் யோகி பியின் குரல் வந்த பிறகுதான் என் மாமா அவரை 'பெரிய ஆளு' என்று ஒப்புக்கொண்டார். நம் காது கேட்டது போதவில்லை, சென்னையின் முத்திரையும் வேண்டியிருந்தது. டார்க்கி நாகராஜா 2021இல் இறந்தபோது என் புலனக் குழுக்கள் எல்லாவற்றிலும் அஞ்சலி. அவர் பாட்டுக்காக நான் கையிலிருந்து ஒரு வெள்ளி எடுத்து வைத்த ஞாபகமே எனக்கு இல்லை. அஞ்சலி மட்டும் நானும் போட்டேன்.

இலக்கியம் வாசிக்கிற நாம் இதில் மேல் என்று நினைக்க வேண்டாம். தமிழகத்து எழுத்தாளர் வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறோம். உள்ளூர்க்காரர் புத்தகம் போட்டால், "எனக்கு ஒரு காப்பி கொடுங்கண்ணே" என்கிறோம். விலை கேட்பதுகூட இல்லை.

வெளியூர்க் கலைஞர்களை வரவிடக் கூடாது என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பாடியதில் எனக்கும் தொண்டை கட்டும்வரை கத்தத்தான் தோன்றியது. 288 வெள்ளி டிக்கெட்டில் உள்ளூர்க் குழுவுக்குச் சம்பளம் கொடுங்கள், சுவரொட்டியில் பெயர் போடுங்கள், ஒலிச்சோதனைக்கு நேரம் கொடுங்கள். ஆள் வராத நேரத்தில் ஏற்றாமல் நிகழ்ச்சிக்கு நடுவில் மேடையேற்றுங்கள். இதெல்லாம் ஏற்பாட்டாளர் செய்ய வேண்டியது. ரசத்தை ஒரு தடவையோடு நிறுத்திவிட்டுக் கிளம்புவது நம் வேலை.

நண்பனுக்கு ஃபோன் பண்ணி உண்மையைச் சொன்னேன். "தெரியும்டா, மேடையிலிருந்து உங்க வரிசை தெரிஞ்சுச்சு" என்றான். கோபம் இல்லாமல்தான் சொன்னான்.

அடுத்த மாதம் செந்தூலில் ஒரு சின்ன மண்டபத்தில் அவர்கள் குழு தனியாக நிகழ்ச்சி நடத்துகிறது. முழுக்கச் சொந்தப் பாட்டு. நுழைவு 40 வெள்ளி. எங்கள் புலனக் குழுவில் தகவலைப் போட்டேன். வந்த முதல் பதில்: "ஃப்ரீ டிக்கெட் இருக்கா மச்சி?"