பிஞ்சு இதயத்தைக் காணும் ஒலி



'ஸ்கேன்' என்னும் சொல்லின்மீது நம் சேலம் மாவட்டத்தில் ஒரு கறை படிந்துள்ளது. கருவிலிருப்பது பெண் என்றறிந்து அழிப்பதற்கு அக்கருவி கையாளப்பட்டதை நாம் மறப்பதற்கில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்திலேயே தொடங்கியது. கருவின் பாலினத்தை வெளியிடுவதை 1994ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்கியது. அதே கருவி உயிரைக் காக்கவும் வல்லது என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. சிறு துளைகள் சில தாமே மூடிக்கொள்வதுண்டு. வேறு சில குறைகளோ சிக்கலானவை. 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விளக்கிய நோயில் நான்கு குறைகள் ஒருங்கே அமைகின்றன: கீழறைகளுக்கிடையே துளை இருக்கும், நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் பாதை குறுகியிருக்கும், பெருந்தமனி இடம் பெயர்ந்து துளையின்மேல் அமர்ந்திருக்கும், வலக் கீழறையின் சுவர் தடித்திருக்கும். இத்தகைய குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஓடியாடும் வயதில் மூச்சிரைத்துக் குந்திக்கொள்ளும்.

இதனைத் தோஷம் என்று கயிறு மந்திரித்துக் கட்டுவோரும், பெற்றோரின் பாவம் என்று தூற்றுவோரும் இன்னும் உளர். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் அவ்வாறே வினவினர். ஆண்டவர் அவ்வெண்ணத்தை மறுத்து, அவனுக்குப் பார்வையளித்தார் அன்றோ?

மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் இதயத்தின் மாறுபட்ட ஓசையைக் கேட்கும். எந்த அறையில், எந்தக் குழாயில் பிசகு என்பதைக் கண்ணாரக் காட்டுவது 'எக்கோ' பரிசோதனை. 1953இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலறிஞரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உட்கீறலை அறியப் பயன்பட்ட ஒலிக்கருவியை இரவல் பெற்று இதயத்தை ஆராய்ந்தனர். உருக்காலையை அறிந்த சேலத்தார்க்கு இது எளிதில் விளங்கும். செவிக்கு எட்டாத ஒலியலை இதயச் சுவரில் பட்டுத் திரும்பித் திரையில் உருவம் வரைகிறது. வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. கருவியை நோக்கி வரும் இரத்தம் சிவப்பாகவும், விலகிச் செல்வது நீலமாகவும் தெரியும். நீலத்தைக் கண்டு கெட்ட இரத்தம் என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

காற்று நிறைந்த நுரையீரலை ஒலி ஊடுருவாது. எனவே அதன் மறைவிலுள்ள குழாய்களைக் காண சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் துணைபுரிகின்றன. இவ்வாறு வழியறிந்த பின்னரே அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கிறார்.

கருவுற்ற 18 முதல் 22 வாரங்களில் கருவின் இதயத்தையும் காணலாம். குறை தெரிந்தவுடன் "கலைத்துவிடுங்கள்" என்னும் அறிவுரை சில குடும்பங்களின் காதில் விழுகிறது. குழந்தையைப் பேணுவதற்கான பரிசோதனை நல்லதே. அழிக்கும் நோக்கோடு செய்வது பெருந்தவறு என்று திருச்சபை 1987இல் வெளியிட்ட 'உயிரின் கொடை' என்னும் போதனை தெளிவுறுத்துகிறது. இரு பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறக்கும் சிசுவுக்குப் பிறந்த சில மணி நேரத்திலேயே சிகிச்சை தேவைப்படலாம். முன்னரே அறிந்த தாய், இதய சிகிச்சை வசதியுள்ள இடத்தில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அப்படம் அப்பிள்ளைக்கு உயிர்ப்பிச்சையாகிறது.

தாய்மார்களே! பால் குடிக்கையில் வியர்த்து இளைப்பாறும் குழந்தை, எடை கூடாத குழந்தை, அடிக்கடி நெஞ்சுச்சளி காணும் குழந்தை, நீலம் பாரிக்கும் குழந்தை ஆகியோரைத் தாமதியாமல் ஓமலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கிருந்து சேலத்துக்கு வழிகாட்டுவார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிட்டுமா என்பதையும் மருத்துவமனையிலேயே கேட்டறியுங்கள்.

அத்தகைய குடும்பம் நம் அன்பியத்தில் இருப்பின், யார் செய்த பாவமோ என்று கேளாதிருப்போம். மருத்துவமனைக்கு உடன் செல்பவர் யார், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சோறிடுபவர் யார் என்று கேட்போம். ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்ப்பது அதுவே.